எண்ணெய் ஊற்றாத குழி

யட்டியாந்தோட்டைக் கடைவீதியிலிருந்து நாலு மைல் மேலேறினால் வரும் ரப்பர் தோட்டம் ஒன்றில், கழிவெண்ணெய் சுமப்பதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். பெயர் அழகம்மா. ரப்பர் பாலைத் தகடாக்கும் ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் ரோலர்களைச் சுழற்ற ஓர் எஞ்சின் இருந்தது. அதற்குள் ஊற்றிய நல்ல எண்ணெய் சில நாள் ஓடியதும் கறுத்துக் கெட்டுப்போகும். அதை வடித்து, மண்ணெண்ணெய் டின்னில் நிரப்பி, தலையில் வைத்து, மலைமுகட்டில் வெட்டியிருந்த கிடங்குப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். பதினொரு வருஷம் அவள் அதைச் செய்தாள்.

எஞ்சின் வந்த புதிதில் இப்படி ஒரு வேலையே இருக்கவில்லை. கெட்ட எண்ணெயை ஸ்டோருக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். வாய்க்கால், ஓயா என்று அங்கே சொல்லும் சிற்றாற்றில் விழுந்தது. ஓயாவின் தண்ணீரைத்தான் கீழே சிங்களக் கிராமத்து ஆட்கள் வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஒரு போகம் நாற்று முழுக்கக் கருகியது. எருமைகள் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தன. கிராமத் தலைவரான ஆராச்சி அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதினார். கச்சேரியிலிருந்து தோட்டத்துத் துரைக்குக் கடிதம் வந்தது. மறுநாள் காலைப் பிரட்டில், ஆள் எல்லாம் வேலைக்கு நிற்கும்போது, துரை சொன்னதைக் கங்காணி உரக்கத் தமிழில் சொன்னார்: இனி ஒரு சொட்டு எண்ணெய் தண்ணீருக்குப் போகக்கூடாது, போனால் கோர்ட்டில் வழக்கு, வழக்கு வந்தால் ஊற்றின ஆளுக்குத் தோட்டத்தில் இடமில்லை.

ஊற்றோ வாய்க்காலோ இல்லாத முகட்டில் கிடங்கு வெட்டினார்கள். அடியிலும் பக்கங்களிலும் களிமண் அறைந்து பூசி, மழை நிரம்பி வழியாதபடி மேலே தகரக் கூரை போட்டார்கள். சுமக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வருஷம்தான் அழகம்மாவின் புருஷன் மூக்கையா, புயலில் முறிந்த ரப்பர்க் கிளை விழுந்து செத்திருந்தான். ஆறு வயதுப் பெண் பிள்ளையோடு நின்றவளின் பெயரைக் கங்காணி எழுதிக்கொடுத்துவிட்டார். அவளை யாரும் கேட்கவில்லை.

முதல் மாதம் முழுக்க அவள் அழுதுகொண்டே சுமந்தாள். எண்ணெய் கசிந்து காதோரம் வழிந்தது. கழுத்தில் கொப்புளம் கிளம்பியது. பிறகு அவளுக்கு அந்த வேலையில் ஒரு பிடிவாதம் வந்தது. டின்னுக்கு மரத்தில் மூடி செதுக்கச் சொல்லி வாங்கினாள். எஞ்சின் அறைத் தரையில் சிந்துவதை மரத்தூள் தூவி ஒற்றியெடுத்து, அந்தத் தூளையும் கிடங்கிலேயே கொட்டினாள். துடைத்த துணிகளைத் தண்ணீரில் அலசாமல் எரித்தாள். கையை ஓயாவில் கழுவியதே இல்லை. சாம்பலும் தேங்காய் மட்டையும் போட்டுத் தேய்த்து, செம்புத் தண்ணீரை விட்டுக் கழுவி, அதையும் நடுப்பாதைப் புழுதியில் ஊற்றிவிடுவாள்.

எஞ்சினை ஓட்டிய ஜாபிர் நானா, ருவன்வெல்லைப் பக்கத்து முஸ்லிம், ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கைல ஈக்கிற கொஞ்சூண்டு எண்ண என்னத்துக்குக் காணும்? ஓயா என்ன கேக்கவா போவுது?"

"கேக்காதுதான் நானா. எனக்குத் தெரியுமில்ல" என்றாள் அழகம்மா.

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் வெற்றிலை போடமாட்டார்கள். அந்த வாடை அவள் சேலையில், பாயில், சோற்றுப் பானையின் பிடியில்கூட இருந்தது. மகள் ராக்காயி மட்டும் அந்தக் கையால் பிசைந்த சோற்றைத் தின்றே வளர்ந்தாள். இன்னொருத்தியும் அவளிடம் மூக்கைச் சுளிக்கவில்லை. கீழ்க் கிராமத்து உக்குமெனிக்கா. கருகின வயலில் ஒன்று அவளுடையது. தண்ணீர் மறுபடி தெளிந்த வருஷம், அதற்குக் காரணமான ஆளைப் பார்க்கவேண்டுமென்று ஒரு பலாக்காயைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் வந்தாள். அன்றிலிருந்து இருவரும் ஓயாவில் ஒரே துறையில் குளித்தார்கள். அழகம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. உக்குமெனிக்காவுக்குத் தமிழில் நாலு வார்த்தை தெரியும், அந்த நாலையும் தப்பாகவே சொல்வாள்.

ராக்காயியைப் பதினாறு வயதில் கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காத்தமுத்து என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள். நல்ல பையன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம்.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வைகாசியில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை. ஆடியிலும் இல்லை. ஓயா ஒரு கோடாக மெலிந்து, பிறகு அந்தக் கோடும் அறுந்து, பாறைகளுக்கு நடுவே குழி குழியாக நின்றது. புரட்டாசியில் கேகாலைப் பக்கமெல்லாம் காய்ச்சல் என்று பேச்சு வந்தது. குளிர் தூக்கிப் போடும், பிறகு உடம்பு நெருப்பாகும், ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பி வரும்.

தோட்டத்து மருந்துக்காரரை எல்லோரும் டொக்டரையா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அழகம்மாவை ஸ்டோருக்கே தேடி வந்தார்.

"ஒங்கிட்ட கெடங்குல எவ்வளவு எண்ணெ இருக்கும்?"

"பதினோரு வருஷத்து எண்ணெங்க. வண்டி அச்சுக்கு, தூணுக்குப் பூசன்னு கொஞ்சம் எடுத்திருக்காங்க. மிச்சம் அப்படியே கெடக்குது."

"அதை அள்ளி, மண்ணெண்ணெ கலந்து, ஓயாவுல நிக்கிற குழியிலெல்லாம் ஊத்தணும். மேல ஏடு மாதிரிப் படர்ந்தாப் போதும். கொசுப்புழு மூச்சு முட்டிச் செத்துரும். வாரத்துக்கு ஒருக்கா. தொரை உத்தரவு."

அழகம்மாவுக்கு விளங்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். அவள் ஜாபிர் நானாவைப் பார்த்தாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"தண்ணியிலயாங்க ஊத்தச் சொல்றீங்க?"

"தண்ணியிலதான்."

"வழக்கு வருமேங்க."

"இப்ப ஊத்தாட்டிதான் வழக்கு" என்றார் அவர்.

பதினொரு வருஷம் மேலே ஏற்றியதை அவள் கீழே இறக்கத் தொடங்கினாள். முதல் குழியில் கரண்டியைச் சாய்த்தாள். கறுப்பு எண்ணெய் தண்ணீர்மேல் விழுந்து, வெயிலில் நிறம் நிறமாக விரிந்து, கரை வரைக்கும் ஓடி மூடியது. அவள் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த குழிக்குப் போனாள். மாலைக்குள் முப்பத்தேழு குழி முடிந்தது. ஒன்று மட்டும் மிச்சம்.

அது தோட்டத்து எல்லையில், லயத்துக்கு நேர்கீழே, பாறை நடுவே கிடந்த குழி. அடியில் ஏதோ ஊற்று இருந்திருக்க வேண்டும், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, வெயில் அடிமணல் வரைக்கும் விழுந்தது. கிராமத்துக் கிணறுகள் வற்றியபின் முப்பது நாற்பது குடும்பம் அதைத்தான் குடித்தது. உக்குமெனிக்கா குடத்தோடு அங்கே நின்றாள். அழகம்மாவின் கையிலிருந்த டின்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அனே அக்கே, இதில வேண்டாம்" என்றாள் சிங்களத்தில். "இதையும் விட்டா எங்களுக்கு வேற எது?"

அழகம்மா குனிந்து பார்த்தாள். தண்ணீரின் மேல்தோலோடு ஒட்டி, நூல் துண்டுகள் போலச் சின்னச் சின்னப் புழுக்கள் படுத்துக் கிடந்தன.

"புழு இருக்கே."

"துணியில வடிச்சுக் குடிக்கிறோம்."

அழகம்மா மலையேறி நேரே டொக்டரையாவிடம் போனாள். அது குடிக்கிற தண்ணீர் என்றாள். அவர் சொன்னார்: "அழுக்குத் தண்ணியில இந்தக் கொசு வளராது அழகம்மா. வெயில் விழுற சுத்தமான தண்ணியிலதான் முட்ட போடும். நீ சொல்ற குழிதான் முதல்ல மூடணும். அவங்களை நம்ம பீலிக்கு வந்து தண்ணி புடிச்சிக்கச் சொல்லு."

மலைத் தண்ணீர் வந்து விழும் லயத்துப் பீலியில் அப்போது விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர் விழுந்தது. ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். மறுநாள் காலை அழகம்மா உக்குமெனிக்காவையும் இன்னும் நாலு கிராமத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனபோது, வரிசையில் நின்றவர்கள் குடங்களை நெருக்கிப் போட்டு இடத்தை மறித்தார்கள்.

"எங்க புள்ளைங்களுக்கே காணலை. நீ யாருக்கு வந்து பேசுற?" என்றாள் கருப்பாயி என்பவள். அவள் கெட்டவள் அல்ல. நாலு பிள்ளைக்காரி, விடியுமுன்பே வந்து நின்றவள். "வயலும் வாசலும் அவங்களுக்கு இருக்குது. நமக்கு என்ன இருக்கு, இந்தப் பீலியத் தவிர?"

கிராமத்துப் பெண்கள் திரும்பி நடந்தார்கள். உக்குமெனிக்கா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அந்த வாரம் அழகம்மா முப்பத்தேழு குழியில் ஊற்றினாள். முப்பத்தெட்டாவதில் ஊற்றவில்லை. டொக்டரையா கேட்டபோது, "எல்லாத்துலயும் ஊத்தியாச்சுங்க" என்றாள். அதற்கு முன் அவள் வேலையில் பொய் சொன்னதில்லை. அடுத்த வாரமும் அதே பதிலைச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் அவர் கேட்கவே இல்லை.

ஐப்பசியில் காத்தமுத்துவிடமிருந்து கடிதம் வந்தது. ராக்காயிக்கு ஏழாம் மாதம். கலவானையில் மழைக்குக் குறைவில்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் தலைப் பிரசவம், தாய் வீட்டில்தானே நடக்க வேண்டும், எப்போது கூட்டிவரட்டும் என்று கேட்டிருந்தான். ஜாபிர் நானாதான் வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தபடியே சொன்னார்: "இந்த நேரம் புள்ளய இங்க எடுக்கோணுமா? அங்கயே ஈக்கட்டுமே."

"நம்ம தோட்டத்துலதான் நான் எண்ணெ ஊத்துறேனே நானா" என்றாள் அழகம்மா.

சொல்லும்போது அந்த ஒரு குழி அவள் நினைப்பில் வந்ததா என்பது தெரியாது. வந்தது என்றே பின்னால் அவள் சொன்னாள். வந்தும் தள்ளிவிட்டேன் என்றாள்.

காத்தமுத்து இரத்தினபுரியில் ரயிலேற்றி, அவிசாவளையில் மாற்றி, ராக்காயியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். அவள் வயிறும் முகமும் நிறைந்து வந்திருந்தாள். தாயின் கழுத்துத் தழும்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். சாயங்காலங்களில் லயத்து வாசலில் உட்கார்ந்து, கீழே பாறைகளைப் பார்த்தபடி கூந்தலை உலர்த்துவாள். அந்த நேரம்தான் கொசுக்கள் எழும்பும்.

கார்த்திகையில் காய்ச்சல் கிராமத்துக்குள் புகுந்தது. ஒரே வாரத்தில் வீட்டுக்கு இரண்டு பேர் என்று படுத்தார்கள். உக்குமெனிக்காவின் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் படுத்தார்கள். அரசாங்கத்து ஆட்கள் லொறியில் வந்து கொயினா மருந்துத் தண்ணீரும் அரிசியும் கொடுத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் சிலர் அங்கேயே சாய்ந்தார்கள்.

லொறி வந்துபோன ஒருநாள் மத்தியானம் அழகம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு முப்பத்தெட்டாவது குழிக்குப் போனாள். ஊற்றிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். உக்குமெனிக்கா பாறையில் மண்டியிட்டு, சேலைத் தலைப்பைக் குடத்து வாயில் விரித்து, சிரட்டையால் தண்ணீர் மொண்டு வடித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"காய்ச்சலுக்குத் தண்ணி தண்ணின்னு கேக்குறாங்க அக்கே. மூணு பேரும்" என்றாள்.

அழகம்மா டின்னைப் பாறைமேல் வைத்தாள். இவள் குடம் நிறையட்டும், போனபிறகு ஊற்றலாம் என்று காத்திருந்தாள். அந்தக் குடம் நிறைந்து போனதும் வேறொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர், கால் தள்ளாட, சட்டியை ஏந்திக்கொண்டு. வெயில் சாயும் வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தது. அழகம்மா டின்னை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலை, ராக்காயி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பல் கிட்டியது. இருந்த சாக்கு, போர்வை எல்லாம் போட்டு மூடியும் உடம்பு தூக்கிப் போட்டது. அழகம்மா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வாசல் வழியாகக் கீழே பார்த்தாள். பாறைக் குழி காலை வெயிலில் மின்னியது.

டொக்டரையா வந்து கொயினா கொடுத்தார். கருப்பாயியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அழகம்மா ஓடினாள். ஸ்டோரிலிருந்து டின்னை எடுத்தாள். குழியில் அன்று யார் நின்றார்கள், யார் கத்தினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஏடாகப் படர வேண்டியது கட்டியாக விழுந்து, தண்ணீர் முழுக்கத் தாராக நின்றது. அடிமணல் மறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் பிள்ளை இறந்து பிறந்தது. ஆண். அதற்கடுத்த மூன்றாம் நாள் ராக்காயியும் போய்விட்டாள். கடைசி வரை நல்ல நினைவு இருந்தது. "அம்மா, அவருக்குச் சொல்லி விட்டீங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். தந்தி போயிருந்தது. காத்தமுத்து வந்து சேர்ந்தபோது ரப்பர் மலைக்குப் பின்னால் புதைத்து மண் மூடியிருந்தார்கள். அந்த நாட்களில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரே காலையில் நாலு குழி வெட்டிய தோட்டம் அது.

உக்குமெனிக்கா வந்தாள். லயத்துக்குள் ஏறாமல், படியின் கீழே நின்றாள். அவளுக்கும் புருஷனும் சின்னவளும் போயிருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அழவில்லை.

"நீ ஊத்தினபிறகு எண்ணெய ஒதுக்கிட்டு அதையேதான் குடிச்சோம்" என்றாள் உக்குமெனிக்கா. குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "வேற எங்க போறது?"

பிறகு, போகத் திரும்பினவள் நின்று சொன்னாள்: "அன்னைக்கே நான் உன்னைத் தடுக்காம இருந்திருக்கணும்."

இல்லை, உன்மேல் தப்பில்லை என்று அழகம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை. உக்குமெனிக்கா மெதுவாக இறங்கிப் போனாள். இருவரும் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அழகம்மா டொக்டரையாவின் மருந்தறைக்குப் போனாள். வாசலில் பாய் விரித்து முப்பது நாற்பது பேர் படுத்திருந்தார்கள். அவர் சவரம் செய்து பல நாளாகியிருந்தது. நின்றபடியே கொயினா அளந்துகொண்டிருந்தார்.

"நான் பொய் சொன்னேங்க. ஒரு குழில ஊத்தவேயில்லங்க. புரட்டாசியிலருந்து கார்த்திகை பூராவும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எந்தக் குழி என்று கேட்டார். சொன்னாள்.

"தொரைகிட்ட சொல்லி எனக்குப் பத்துச்சீட்டு குடுத்துருங்க. இல்லாட்டி கோர்ட்டுல நிப்பாட்டுங்க. நான் ஒத்துக்கிறேன்."

தோட்டத்திலிருந்து வெளியேற்றும் சீட்டு அது. அதைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

அவர் அளவுக் குவளையைக் கீழே வைத்தார். "ஒரு குழில என்ன இருக்கு அழகம்மா? நம்ம எல்லைக்கு வெளியில ஓயா எத்தனை மைலு. அங்கெல்லாம் எவன் ஊத்தினான்? கொசு எல்லக்கல் பாத்தா பறக்குது? கேகாலை ஜில்லா முழுக்கச் சாவுது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அப்ப நான் மத்த குழில ஊத்தினதும் ஒண்ணுமில்லயாங்க?"

வரிசையில் அடுத்த ஆள் குவளையை நீட்டினான். அவர் அதை வாங்கி நிரப்பினார்.

அவளுக்குப் பத்துச்சீட்டும் கிடைக்கவில்லை, கோர்ட்டும் கிடைக்கவில்லை. துரையின் காதுக்கு அது போனதா என்றே தெரியாது. தை கடைசியில் மழை இறங்கியது. ஓயா ஒரே நாளில் செங்காவியாகப் பெருகி எல்லாக் குழிகளையும் ஒன்றாக்கி ஓடியது. எண்ணெய் சுமக்கும் வேலையை இனி செய்யமாட்டேன் என்று அழகம்மா கங்காணியிடம் சொன்னாள். முதன்முறையாக அவள் ஒன்றை மறுத்தாள். அவர் வற்புறுத்தாமல் புல்வெட்டுக்கு மாற்றினார். எஞ்சின் அறைக்கு வேறு ஆள் வந்தான். அவன் கிடங்கு வரைக்கும் ஏறுவதில்லை, பாதி மலையிலேயே கொட்டிவிட்டு வருகிறான் என்று ஜாபிர் நானா ஒருநாள் வந்து சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"கொட்டட்டும்" என்றாள்.

முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில் காத்தமுத்து வந்தான். மெலிந்திருந்தான். லயத்து அறையான காம்பராவுக்குள் வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அழகம்மா சோறாக்கி, கருவாடு சுட்டுப் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியபிறகு சொன்னான், அவன் வீட்டில் வேறு பெண் பார்த்திருக்கிறார்களாம். அவள் சம்மதமில்லாமல் செய்ய மனசில்லையாம்.

"எந்த ஊருப் பொண்ணு?"

"பலாங்கொடைப் பக்கங்க, அத்தை."

"நல்லா வச்சிக்கப்பா" என்றாள். அவன் காலில் விழுந்தான். தொட்டுத் தூக்கினாள்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவனோடு மலைப்பாதை பாதி வரைக்கும் வந்தாள். அதற்குமேல் வராதீங்க என்று அவன் சொன்னதும் நின்றாள். அவன் வளைவில் மறைந்தான். அவள் திரும்பி லயத்துக்கு வந்து, அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலைப் பிரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, இருக்கிறேன் என்று சொன்னாள்.